ஏழு புரதங்கள் தாமாகவே கூடுமென்றால் இத்தனை உதவியாளர்கள் எதற்கு?

இழையைத் தொடங்கிய வாசகர் கேள்வி, 4 ஜூலை 2024

16 கோடி ரூபாய் ஊசி என்று செய்திகளில் அடிபடும், தசைகளை இயக்கும் தண்டுவட நரம்புகள் சாகும் எஸ்எம்ஏ நோயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்எம்என் என்ற புரதம் போதாமல் போவதால் வருகிறதாம். அந்தப் புரதத்தின் வேலை, வேறு ஏழு புரதங்களை ஓர் ஆர்என்ஏ-வைச் சுற்றி வளையமாகச் சேர்ப்பது. ஆனால் அந்த ஏழும் டெஸ்ட் டியூபில் யார் துணையும் இல்லாமல் தாமே வளையமாகிவிடும் என்று இன்னோரிடத்தில் போட்டிருக்கிறது. தானாக நடக்கிற வேலைக்கு எதற்கு ஆள்? எஸ்எம்என்-க்கு வேறு முக்கியமான வேலை ஏதோ இருக்கிறது, வளையக் கதையை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

4 ஜூலை 2024, இரவு

நீங்கள் படித்த இரண்டுமே உண்மை. எஸ்எம் புரதங்கள் என்று பெயர் கொண்ட அந்த ஏழு புரதங்களையும் சுத்தம் செய்து ஆர்என்ஏ-வோடு கலந்தால் வளையம் வந்துவிடும் என்று ஜெர்மனியில் ராய்ன்ஹார்ட் லூர்மான் குழு 1996-இல் காட்டியது. அடுத்த ஆண்டே உட்ஸ் ஃபிஷரும் கிடியன் ட்ரைஃபஸும், செல்லுக்குள் இந்த வேலைக்கு எஸ்எம்என் தேவை என்று காட்டினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் செல்லின் எரிபொருளான ஏடிபி-யும் தேவை என்று தெரிந்தது. அதாவது தானாக நடக்கிற காரியத்துக்குச் செல் ஆள் வைத்திருக்கிறது, அதற்குச் செலவும் செய்கிறது. விஷயமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊதிப் பெரிதாக்கியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நான் இந்த வளையத்தை வைத்துச் சில ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

5 ஜூலை 2024

முதலில் அடித்தளம். தெரிந்தவர்கள் அடுத்த குறிப்புக்குப் போய்விடலாம்.

நம் மரபணுக்களில் புரதத்துக்கான செய்தி தொடர்ச்சியாக இல்லை, இடையிடையே இன்ட்ரான்கள் என்ற, புரதச் செய்தி இல்லாத துண்டுகள் குறுக்கிடுகின்றன. 1977-இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் தனித்தனியே அடினோவைரஸில் இதைக் கண்டன. 1993-இல் நோபல் வந்தது. டிஎன்ஏ-விலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ-வில் இன்ட்ரான்களை வெட்டி எடுத்து, எக்ஸான்கள் என்ற செய்தித் துண்டுகளை ஒட்ட வேண்டும். இதற்குப் பெயர் ஸ்பிளைசிங். டைட்டின் என்ற ஒரே மரபணுவில் 363 எக்ஸான்கள் இருக்கின்றன. ஒரு எழுத்து தள்ளி வெட்டினாலும் அதற்கு அப்புறம் வரும் புரதம் முழுக்கக் குலைந்துபோகும்.

இதைச் செய்வது ஸ்பிளைசோசோம். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் போல இது ஒரு நிலையான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு இன்ட்ரானுக்கும் அந்த இடத்திலேயே கட்டி எழுப்பி, வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்டுப் பிரிக்கிற பந்தல் மாதிரி. திரும்பத் திரும்பப் பயன்படும் பாகங்களில் முக்கியமானவை யு1, யு2, யு4, யு5, யு6 என்ற ஐந்து சிறு ஆர்என்ஏ-க்களும் அவற்றோடு ஒட்டியிருக்கும் புரதங்களும். மற்ற புரதங்களையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல் வரும்.

யு6 தவிர மற்ற நான்கின் உடம்பிலும் நீங்கள் கேட்ட வளையம் இருக்கிறது. பி, டி1, டி2, டி3, இ, எஃப், ஜி என்று ஏழு எஸ்எம் புரதங்கள். ஆர்என்ஏ-வில் ஓர் அடினைன், ஐந்து யூரிடின், ஒரு குவனின் என்று வரும் இடம் வளையத்தின் துளைக்குள் போகிறது. எழுத்துக்கு ஒரு புரதம். யு6-க்கு இதே சாயலில் வேறு ஒரு வளையம் உண்டு, அதன் கதை தனி.

5 ஜூலை 2024, சற்றுப் பின்னர்

"பி-க்கு அப்புறம் டி. நடுவில் சி எங்கே?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். என் வகுப்பிலும் வருஷா வருஷம் யாராவது கேட்டுவிடுவார்கள், எனக்கும் பிடித்த கேள்வி. ஏ, சி இரண்டும் யு1-க்கு மட்டும் சொந்தமான புரதங்கள். வளையத்தில் அவை இல்லை.

6 ஜூலை 2024

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

"தானாக" என்ற சொல்லைக் கொஞ்சம் நுணுக்கிப் பார்க்க வேண்டும். டெஸ்ட் டியூபில்கூட ஏழும் தனித்தனியாக வந்து உட்காருவதில்லை. டி1-டி2 ஒரு ஜோடி, இ-எஃப்-ஜி ஒரு மூவர், டி3-பி இன்னொரு ஜோடி. முதல் இரண்டு கூட்டங்களும் ஆர்என்ஏ-வின் மேல் சேர்ந்து, வாய் திறந்த பிறை போல நிற்கும். கடைசி ஜோடி வந்து வாயை மூடும். ஆர்என்ஏ இல்லாமல் வளையம் மூடுவதில்லை.

சிக்கல் எங்கே என்றால், வரிசையாக யூரிடின் வரும் இடங்கள் செல்லில் எத்தனையோ ஆர்என்ஏ-க்களில் உண்டு. ஒரு தடவை மூடிய வளையம் லேசில் கழலாது, தப்பான ஆர்என்ஏ-வில் மூடினால் மூடியதுதான். 2002-இல் பெல்லிஸோனி, யோங், ட்ரைஃபஸ் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். எஸ்எம் புரதங்களைத் தனியாக விட்டால் சம்பந்தமில்லாத ஆர்என்ஏ-க்களிலும் போய் ஒட்டின. எஸ்எம்என்-னும் அதன் துணைப் புரதங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் கையில் இருக்கும்போது உரிய ஆர்என்ஏ-வில் மட்டும் வளையம் கட்டின.

அதனால் எஸ்எம்என்-ஐ "வளையம் கட்ட உதவும் புரதம்" என்று சொன்னால் பாதி உண்மைதான். கூடாத இடத்தில் கட்டாமல் தடுத்து, கூடும் இடம் வந்ததும் விடுவிக்கிற புரதம் என்று சொல்ல வேண்டும். தடுப்பதுதான் இங்கே பெரிய வேலை என்பது என் உறுதியான கருத்து. உதவியாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

எஸ்எம் புரதங்கள் உருவானவுடன் பிஐசிஎல்என் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. டி1, டி2, இ, எஃப், ஜி ஐந்தையும் சேர்த்து, டி3-பி உட்கார வேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்து ஒரு மூடிய வளையமாக வைத்திருக்கிறது. உள்ளே ஆர்என்ஏ நுழைய வழியே கிடையாது. ஃபிஷர் குழு 2008-இல் வெளியிட்ட இந்த முடிவைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. பிஐசிஎல்என்-னோடு சேர்ந்து நிற்கும் பிஆர்எம்டி5 என்ற நொதி, டி1, டி3, பி ஆகியவற்றின் வால்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களில் மெத்தில் என்ற சிறு வேதித் துண்டைப் போடுகிறது. எஸ்எம்என் பிடித்துக்கொள்ள அது வசதி.

அடுத்து எஸ்எம்என்-னும் அதன் துணைப் புரதமான ஜெமின்2-வும் அந்த ஐந்தையும் வாங்கிக்கொள்கின்றன, பிஐசிஎல்என் விலகுகிறது. பிறை திறந்துவிட்டதே, இப்போது கண்ட ஆர்என்ஏ-வும் நுழையாதா? ஜெமின்2 ஐந்தையும் வளைத்துப் பிடித்தபடி, தன் வால் நுனியை ஆர்என்ஏ போக வேண்டிய பள்ளத்துக்குள்ளேயே நீட்டி வைத்திருக்கிறது என்று ட்ரைஃபஸ் குழு 2011-இல் படிக அமைப்பில் காட்டியது. ஆக இரண்டாவது பூட்டு. இன்னொரு துணைப் புரதமான ஜெமின்5 வேறு ஒரு பக்கம் ஆர்என்ஏ-வைச் சோதிக்கிறது: அந்த ஏழு எழுத்து இடம் இருக்கிறதா, அதற்கு அப்பால் கொண்டை போல மடிந்த பகுதி இருக்கிறதா என்று. எல்லாம் சரியாக இருந்தால்தான் டி3-பி வந்து வளையம் மூடும்.

7 ஜூலை 2024

மேலே விட்டுப்போனது ஒன்று: இதெல்லாம் நடக்கும் இடம். ஸ்பிளைசிங் நடப்பது உட்கருவுக்குள். யு1 போன்ற ஆர்என்ஏ உருவாவதும் அங்கேதான். ஆனாலும் அது ஒருமுறை சைட்டோபிளாசத்துக்கு வெளியேறி, வளையம் மாட்டிக்கொண்டு, தன் தொடக்க நுனியை மூடியிருக்கும் தொப்பியில் மேலும் இரண்டு மெத்தில் வாங்கிக்கொண்டு, மறுபடி உட்கருவுக்குத் திரும்புகிறது. உள்ளே நுழைந்ததும் கஹால் உடலங்கள் என்ற சிறு திரட்சிகளில் மீதி அலங்காரம். வளையமும் அந்தத் தொப்பியும் சேர்ந்துதான் திரும்பிவர அனுமதிச் சீட்டு.

ஏன் இந்தச் சுற்று? அரைகுறையாகக் கட்டிய பாகம் எதுவும் வெட்டப்படாத ஆர்என்ஏ-வின் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்பதற்காக என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஹீலா என்ற, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் மனிதச் செல் ஒன்றில் யு1 மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள் இருக்கின்றன. அத்தனையும் வெளியே போய்ச் சோதனை முடித்துத் திரும்பியவை என்பதை நினைத்தால் அந்த ஊகம் வலுக்கிறது.

9 ஜூலை 2024

"இதையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு: ஜெல்லில் பார்த்திருக்கிறேன்.

யு1 ஆர்என்ஏ-வைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் சேர்த்துத் தயாரிப்போம். ஹீலா செல்லை உடைத்து எடுத்த சைட்டோபிளாசச் சாற்றில் அதைக் கலந்து, ஒரு குழாயை ஐஸில் வைப்போம், இன்னொன்றை 30 டிகிரியில். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை உதறிவிட ஹெப்பாரின் சேர்ப்போம். அப்புறம் குளிர் அறையில், மின்சாரத்தால் மூலக்கூறுகளை நகர்த்திப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவோம். ஓட்டம் முடிந்ததும் காயவைத்து, எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்துக் கேசட்டில் பூட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். இருட்டறையில் சிவப்பு விளக்கில் டெவலப்பருக்குள் பிலிம் கருக்க ஆரம்பிக்கும்போது, ஐஸில் வைத்த தடத்தில் ஆர்என்ஏ அடியிலேயே கிடக்கும். 30 டிகிரித் தடத்தில் மேலே கத்தி கீறிய மாதிரி மெல்லிய ஒரு பட்டை. அதுதான் வளையம். ஏழு எழுத்து இடத்தைக் கெடுத்த ஆர்என்ஏ போட்ட தடத்தில் அந்தப் பட்டை வராது.

பக்கத்திலேயே, சாறு இல்லாமல் சுத்தமான புரதத்தை மட்டும் போட்ட தடங்களும் ஓட்டுவோம். அதில் ஐஸிலேயே பட்டை வரும். சம்பந்தமில்லாத ஆர்என்ஏ-விலும் அழுக்காகப் பரவிய கறுப்பு வரும். கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் சொன்ன முரண் அந்த ஒரே பிலிமில் அக்கம்பக்கமாக இருக்கும்.

14 ஜூலை 2024

கொஞ்சம் திசைமாறுகிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் புரதங்களை முதலில் காட்டிக்கொடுத்தது லூபஸ் நோயாளிகளின் ரத்தம். இந்த நோயில் உடம்பு தன் சொந்தப் பொருள்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கும். 1966-இல் டான், குன்கெல் இருவரும் ஒரு லூபஸ் நோயாளியின் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி பிடித்த பொருளுக்கு (ஆன்டிஜெனுக்கு) அந்த நோயாளியின் பெயரை ஒட்டி எஸ்எம் என்று பெயர் வைத்தார்கள். 1979-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் அத்தகைய ரத்தத்தின் ஆன்டிபாடிகளை வைத்து எஸ்எம் புரதங்களைப் பிடித்து இழுத்தபோது, புரதங்களோடு சிறு ஆர்என்ஏ-க்களும் சேர்ந்து வந்தன. அடுத்த ஆண்டே, யு1-இன் நுனியும் இன்ட்ரான் தொடங்கும் இடமும் எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்வதைப் பார்த்து, ஸ்பிளைசிங்கில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று எழுதினார்கள்.

மூட்டுவாத மருத்துவரிடம் போகிறவர்கள் ஏஎன்ஏ புரொஃபைல் என்று ஒரு சோதனை எடுத்திருப்பார்கள். அந்த அறிக்கையில் "எஸ்எம்" என்று ஒரு வரி இருக்கும். நாம் இங்கே பேசும் அதே வளையம்தான் அது. யாரோ ஒருவரின் நோய், உயிரியலின் பெரிய கதவொன்றைத் திறந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லாமல் ஸ்பிளைசிங் பாடத்தை நான் தொடங்குவதில்லை.

20 ஜூலை 2024

ஸ்பிளைசோசோம் ஒவ்வொரு இன்ட்ரானிலும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று 5-ஆம் தேதி எழுதியதற்கு ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். ஐந்து பாகமும் முன்கூட்டியே சேர்ந்து ஒரே துண்டாக வருகிறது என்கிறார். ஆதாரமில்லாத பேச்சல்ல. 2002-இல் ஏபல்சன் குழு ஈஸ்ட்டிலிருந்து, உப்பு குறைந்த கரைசலில், ஐந்தும் ஒட்டிய பெரிய துகளைப் பிரித்தெடுத்தது.

என்னைத் திருப்திப்படுத்திய பதில் 2011-இல் வந்தது. ஹாஸ்கின்ஸ், மெலிசா மூர், ஜெஃப் கெல்லஸ் முதலானோர் ஈஸ்ட் சாற்றில் பாகங்களுக்கு வெவ்வேறு நிற ஒளிர்பொருள் கட்டி, ஒற்றை ஒற்றை ஆர்என்ஏ-வில் எது எப்போது வந்து இறங்குகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். யு1, அப்புறம் யு2, அப்புறம் யு4-யு5-யு6 மூவரும் ஒன்றாக, அப்புறம் மற்றப் புரதக் கூட்டம். மொத்தமாக வரவில்லை. எந்தப் படியிலும் வந்தது திரும்பிப் போகவும் செய்தது. ஒவ்வொரு படியும் முன்னேறினால்தான் வெட்டு.

முழுதாகக் கட்டிய பிறகும் வெட்டத் தயாராவதில்லை. யு6-ஐ யு4 கட்டிப் பிடித்துவைத்திருக்கிறது. பிஆர்ஆர்2 என்ற நொதி ஏடிபி செலவழித்து அந்தப் பிடியை அவிழ்க்க வேண்டும். யு1-ஐ விரட்ட இன்னொன்று, முதல் வெட்டுக்கு வழிவிட இன்னொன்று, கடைசியில் எல்லாவற்றையும் பிரிக்க இன்னொன்று. வெட்டுவது யு6 ஆர்என்ஏ பிடித்திருக்கும் மெக்னீசியம் அயனிகள்தான் என்பது 2013-இல் உறுதியானது. ஆபத்தான அந்தப் பாகம் கடைசி நிமிஷம் வரை கட்டுண்டு கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிஐசிஎல்என் செய்ததும் இதே வேலைதான், வேறோர் இடத்தில்.

22 ஜூலை 2024

யு1-க்கு அப்புறம் யு2 என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே முறையில் 2013-இல் செய்த சோதனையில் யு2 முந்திக்கொண்ட ஆர்என்ஏ-க்களும் இருந்தன, அந்த வழியிலும் வெட்டு முடிந்தது. நுழைவாசல் இரண்டு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஆகஸ்ட் 2024

கடினமான கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது. வளையம் எல்லாச் செல்லுக்கும் வேண்டும், எஸ்எம்என் குறைந்தால் தண்டுவடத்தின் இயக்க நரம்புகள் ஏன் குறிப்பாகச் சாக வேண்டும்?

இது இன்னும் முடியாத வழக்கு. ஒரு தரப்பு: வளையம் கட்டும் திறன் குறைவதே காரணம். 2005-இல் ஃபிஷர் குழு எஸ்எம்என் குறைத்த வரிமீன் கருக்களில் நரம்பிழைகள் கெட்டுப்போவதைக் கண்டது. ஏற்கெனவே கட்டி முடித்த யு பாகங்களை உள்ளே செலுத்தியதும் இழைகள் தேறின. இன்னொரு தரப்பு: எஸ்எம்என் நரம்பிழைக்குள்ளும் இருக்கிறது, புரதச் செய்தி தாங்கும் எம்ஆர்என்ஏ-வை நுனிவரை கொண்டுசெல்வதில் அதற்குப் பங்குண்டு, ஸ்பிளைசிங் பாதிப்பு நோய் முற்றிய பிறகே எலிகளில் பெரிதாகத் தெரிகிறது.

நான் நெடுநாள் முதல் தரப்பில் மட்டும் நின்றேன். இப்போது அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. என்னை இன்றும் அந்தப் பக்கமே சாய வைப்பது 2012-இல் பெல்லிஸோனி குழு காட்டிய ஸ்டாசிமான் மரபணு. நம்மிடம் அரிதான இன்னொரு வகை இன்ட்ரான் உண்டு, அதற்கென்று யு11, யு12 சேர்ந்த சிறு ஸ்பிளைசோசோம் தனி. எஸ்எம்என் குறைந்தால் அது முதலில் அடிவாங்குகிறது. ஸ்டாசிமானில் அந்த வகை இன்ட்ரான் இருக்கிறது, இயக்க நரம்பு வலைப்பின்னலுக்கு அது வேண்டியிருக்கிறது. எல்லாச் செல்லுக்கும் பொதுவான குறை, சில செல்களை மட்டும் வீழ்த்துவதற்கு இப்படி ஒரு வழி இருக்க முடியும்.

11 ஆகஸ்ட் 2024

நண்பர் ஒருவர் தன் உறவுக்காரக் குழந்தையின் மரபணு அறிக்கையை அனுப்பி விளக்கம் கேட்டார். "எஸ்எம்என்1 எக்ஸான் 7: 0 பிரதி. எஸ்எம்என்2: 3 பிரதி." பெற்றோர் பூஜ்யத்தைப் பார்த்துக் கலங்கிப்போயிருந்தார்கள். மூன்று என்ற எண்ணையும் பாருங்கள் என்றேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன். சிகிச்சை முடிவை மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

மனிதர்களிடம் எஸ்எம்என் மரபணு இரண்டு வகை: எஸ்எம்என்1, அதன் மாற்றான எஸ்எம்என்2. எஸ்எம்என்2-வில் ஏழாவது எக்ஸானில் ஒரே எழுத்து மாற்றம், சி (சைட்டோசின்) இருக்க வேண்டிய இடத்தில் டி (தைமின்). புரதத்தின் அமினோ அமிலம் மாறவில்லை. ஆனால் அந்த எக்ஸானை ஸ்பிளைசோசோம் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறது. சுமார் பத்தில் ஒரு பங்கு ஆர்என்ஏ-வே முழுமையாக வருகிறது. அதனால் எஸ்எம்என்2 பிரதி கூடக்கூட நோயின் தீவிரம் பொதுவாகக் குறைகிறது.

ஸ்பிளைசோசோமுக்குப் பாகம் கட்டித் தரும் புரதத்தின் மாற்று மரபணுவே ஸ்பிளைசிங்கில் தடுக்கி விழுகிறது. மருந்தும் அங்கேயே புகுந்தது. ஏழாவது எக்ஸானை ஒட்டிய இன்ட்ரானில் "இதைத் தாண்டு" என்று சொல்லும் ஒரு துண்டை ரவீந்திர சிங் குழு 2006-இல் கண்டது. ஏட்ரியன் கிரைனர், ஐயோனிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய நுசினர்சென் அந்தத் துண்டை மூடி மறைக்கிறது. முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2020-இல் வந்த ரிஸ்டிப்லாம் வாய்வழி மருந்து. யு1 அந்த எக்ஸானின் முடிவிடத்தில் வந்து உட்காரும்போது பிடிப்பை இறுக்குவதுதான் அது செய்வது. அதே வகை மூலக்கூறை வைத்து சூரிச்சில் 2019-இல் பார்த்தபோது, ஜோடி சேராமல் துருத்தி நிற்கும் ஓர் அடினைனை அது உள்ளே இழுத்துப் பொருத்துவது தெரிந்தது. நான் ஜெல்லில் துரத்திய அதே யு1-ஐ ஒரு சிறு மூலக்கூறு கையைப் பிடித்து உட்கார வைக்கிறது என்று படித்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது.

செய்தியில் வரும் 16 கோடி ஊசி இவை இரண்டும் அல்ல. அது 2019-இல் அனுமதி பெற்ற ஸோல்ஜென்ஸ்மா, எஸ்எம்என்1 மரபணுவையே வைரஸ் வழியாகக் கொண்டுபோவது.

18 ஆகஸ்ட் 2024

"எஸ்எம்என்-க்கு வேறு வேலையே இல்லையா?" என்று இழையைத் தொடங்கியவர் மறுபடி கேட்டிருக்கிறார். உண்டு, அதுவும் வளையம் கட்டுவதே. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களுக்கான ஆர்என்ஏ-க்களுக்கு, மற்றவற்றைப் போல நுனியில் அடினைன் வரிசையாக வரும் ஏ-வால் கிடையாது. அவற்றின் நுனியைச் சரியான இடத்தில் நறுக்க யு7 என்ற சிறு ஆர்என்ஏ வேண்டும். யு7-இன் வளையத்தில் டி1, டி2 இருக்காது, எல்எஸ்எம்10, எல்எஸ்எம்11 இருக்கும், மற்ற ஐந்தும் அவைதான். இந்த மாற்று வளையத்தைக் கட்டுவதும் எஸ்எம்என்-தான். எந்த ஆர்என்ஏ-வுக்கு எந்த ஜோடி என்று பிரித்தறிவதில் யு7-இன் எழுத்து வரிசை கொஞ்சம் வேறுபட்டிருப்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வரிசையை யு1-இல் இருப்பது போல மாற்றிவிட்டால், யு7-உம் வழக்கமான வளையத்தை மாட்டிக்கொள்கிறது, ஹிஸ்டோன் ஆர்என்ஏ-வை நறுக்குவதை நிறுத்திவிடுகிறது.